முள்ளம்பன்றி கட்டிய பாதாளக் கோட்டை

நாவல்காட்டுச் சுனையோரம் கூரன் என்றொரு முள்ளம்பன்றி இருந்தது. மழைக்காலத்தில் அந்தக் காட்டில் யாருக்கும் வேலை இல்லை. கூரனுக்கு மட்டும் மூச்சுவிட நேரம் இருக்காது. அது ஒரு பாதாளக் கோட்டை கட்டிக்கொண்டிருந்தது!

மண்ணுக்குள் இல்லை, மனசுக்குள். அகலமான ஒரு தேக்கிலையில் தன் முள்ளாலேயே கோட்டையின் படத்தைக் கீறி வைத்திருந்தது. எந்த அறையில் எந்தப் பூதம், எந்தப் படியில் கால் வைத்தால் சரியும், புதையல் எங்கே, எல்லாம் அந்த இலையில் இருந்தது. அதை யாருக்கும் காட்டாது. வயிற்றுக்கடியில் வைத்து மேலே உட்கார்ந்துவிடும்.

மதியச் சாரல் தொடங்கியதும் சுனைப் பாறையின் கீழே ஆட்டம் கூடும். ஆட வருகிறவர்கள் மூன்று பேர். மூக்கன் என்கிற கீரி, வாய்த்துடுக்கு அதிகம். நல்லான் என்கிற ஆமை, எதற்கும் அசராது. மூன்றாவது செவந்தி என்கிற சருகுமான். ஆளுக்கொரு வீரனை மனசில் உருவாக்கிக்கொண்டு மூவரும் கோட்டைக்குள் இறங்குவார்கள்.

"எதிர்ல ரெண்டு வழி. இடப்பக்கம் ஈர வாடை. வலப்பக்கம் புகை வாடை. என்ன செய்யறீங்க?" என்று கூரன் கேட்கும்.

"நான் புகை பக்கம் போறேன்!" என்று மூக்கன் குதிக்கும்.

"நான் மொதல்ல ஒரு கல்லைத் தூக்கிப் போட்டுப் பாக்கறேன்" என்று நல்லான் சொல்லும்.

இவர்கள் சொல்ல, அங்கே என்ன நடந்தது என்று கூரன் சொல்லும். ஆபத்தான காரியம் என்றால் கொட்டை போட வேண்டும். ஐந்து புளியங்கொட்டை. ஒரு பக்கம் பாறையில் தேய்த்து வெள்ளையாக்கியது, மறுபக்கம் கருப்பு. வெள்ளை அதிகம் விழுந்தால் நினைத்தது நடக்கும். கருப்பு அதிகம் விழுந்தால் நடக்காது. கொட்டை விழுந்த பிறகு பேச்சே கிடையாது. வீரன் செத்தால் செத்ததுதான், கெஞ்சினாலும் வரமாட்டான். நல்லானுக்கு அதுவரை மூன்று வீரர்கள் போய்ச் சேர்ந்திருந்தார்கள். ஒவ்வொரு தடவையும், "போறான் விடு, நல்லாத்தான் வாழ்ந்தான்!" என்று சொல்லிவிட்டு அடுத்தவனுக்குப் பெயர் வைக்கும்.

இனி செவந்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லவே கஷ்டமாக இருக்கிறது. அந்த வருஷக் கோடையில் அதன் ஒரே குட்டியை மலைப்பாம்பு விழுங்கிவிட்டது. தாயின் கண் முன்னாலேயே நடந்தது. அன்றிலிருந்து செவந்தி அழவும் இல்லை, பேசவும் இல்லை. பழத்தைக் கொண்டுபோய் வைத்தால் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். விலா எலும்பு ஒவ்வொன்றும் தனியாகத் தெரிந்தது.

கூரனின் ஆட்டத்தில்தான் அது முதன்முதலாக வாய் திறந்தது. "நானும் வரேன்." இரண்டே சொல். ஆட்டம் முடிந்து எல்லோரும் பழம் தின்றபோது அதுவும் ஒன்றைத் தின்றது. அன்றிலிருந்து ஆட்டம் உள்ள நாளில் தின்னும், இல்லாத நாளில் தின்னாது. இந்த ஆட்டம் நின்றால் செவந்தி பிழைக்காது. அது சுனையோரம் எல்லோருக்கும் தெரியும்.

கூரன் நல்லது. அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் நல்லவர்களுக்கு ஒரு வியாதி உண்டு, அடுத்தவர் மனசு தனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொள்வார்கள். கோட்டையின் அடி ஆழத்தில் ஒரு பெரிய மண்டபம் கீறியது கூரன். அங்கே பாம்பரசன் ஒருவனை உட்கார வைத்தது. செவந்தியின் வீரன் தன் கையாலேயே அவனை வெட்டிச் சாய்க்க வேண்டும். "அப்பத்தான் அவ மனசு ஆறும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. மண்டபத்தின் தூண், விளக்கு, பாம்பரசன் பேசப்போகும் வசனம் வரைக்கும் இரண்டு மாதம் உட்கார்ந்து யோசித்தது. செவந்தியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை!

ஒரு மதியம் மூவரும் அந்த மண்டபத்துக்கு மிக அருகில் வந்துவிட்டார்கள். இன்னும் ஒரு திருப்பம்தான். கொஞ்சம் பயமுறுத்தலாமே என்று கூரன் சும்மா ஒன்றைச் சொல்லி வைத்தது.

"தூரத்துல ஏதோ ஒரு குட்டி அழற சத்தம் கேக்குது."

செவந்தியின் காது நிமிர்ந்தது. "எந்தப் பக்கம்?"

கூரன் திகைத்தது. அப்படி ஒரு குட்டி இலையில் எங்கேயுமே இல்லை. "அது... இடப்பக்கம். அதை விடு. வலப்பக்கம் ஒரு பெரிய வாசல் தெரியுது. தங்கக் கதவு!"

"நான் இடப்பக்கம் போறேன்."

"அந்த வழி அடைச்சிருக்கு. பாறை சரிஞ்சு கிடக்கு."

"தள்ளிப் பாக்கறேன்."

"ஆளுயரப் பாறை!"

"அடியில மண்ணைத் தோண்டறேன்."

"அடியிலயும் பாறைதான்!"

மூக்கனுக்குப் பொறுக்கவில்லை. "என்னண்ணே, கேக்கக் கேக்க மொளைக்குதே அந்தப் பாறை!"

"சரி சரி, செவந்தி கொட்டை போடட்டும்!" என்றது கூரன். சொல்லிவிட்டு, கொட்டையைப் பொறுக்குவதுபோல் திரும்பியது. பாறை இடுக்கில் அது இன்னும் தேய்க்காத புளியங்கொட்டைகளைச் சேர்த்து வைத்திருந்தது. அதிலிருந்து ஐந்தை எடுத்து செவந்தி முன்னால் வைத்தது. இந்த ஒரு தடவைதானே, அவள் நல்லதுக்குத்தானே என்று மனசைச் சமாதானம் செய்துகொண்டது.

செவந்தி உருட்டியது. ஐந்தும் கருப்பு.

"பாத்தியா! வழியில்ல. வாங்க, எல்லாரும் தங்கக் கதவுக்குப் போவோம்!" என்று கூரன் அவசரப்பட்டது.

செவந்தி குளம்பின் நுனியால் ஒரு கொட்டையைப் புரட்டியது. கருப்பு. இன்னொன்றைப் புரட்டியது. அதுவும் கருப்பு. ஐந்தையும் புரட்டிப் பார்த்தது.

எதற்கும் அசராத நல்லான் தலையை ஓட்டுக்கு வெளியே நீட்டியது. "கூரா, என் மூணு பேரும் கொட்டை விழுந்துதான் செத்தாங்கன்னு நம்பிட்டிருந்தேனே!"

"சத்தியமா அதெல்லாம் நெசம்! இன்னிக்குத்தான்... இந்த ஒரு தடவைதான்..." கூரன் செவந்தியின் பக்கம் திரும்பியது. "செவந்தி, உனக்காகத்தான் செஞ்சேன். அந்தக் கதவுக்குப் பின்னாடி ஒரு பாம்பு இருக்கு. அதை நீ கொல்லணும்னுதான் ரெண்டு மாசமா..."

"பாம்பைக் கொல்லணும்னு நான் கேட்டேனாண்ணே?" என்றது செவந்தி. குரல் உயரவே இல்லை. "குட்டி அழுவுதுன்னு சொன்னே. போய்ப் பாக்கறேன்னேன். அவ்வளவுதானே."

அது எழுந்து மழைக்குள் நடந்து போனது.

மறுநாள் மதியம் செவந்தி வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. ஈச்சம்புதருக்குள் போய்ச் சுருண்டு படுத்துவிட்டது. மூக்கன் கொண்டுபோன பழங்கள் அப்படியே அழுகின. திரும்பி வந்த மூக்கன் பாறைக்கு முன்னால் நின்று கத்தியது. "உன் மண்டபமும் ஆச்சு, நீயும் ஆச்சு! அவ செத்தா உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்!"

கூரனுக்கு முதலில் கோபம்தான் வந்தது. இரண்டு மாத உழைப்பு! எவ்வளவு அழகான மண்டபம்! யாருக்காவது அந்த அருமை தெரிகிறதா? இலையை எடுத்து எடுத்துப் பார்த்தது. மண்டபம் அழகாகத்தான் இருந்தது. ஆனால் அதில் நடக்க ஆள் இல்லை.

நான்காம் நாள் நல்லான் மெல்ல ஊர்ந்து வந்து சேர்ந்தது. "இப்பத்தான் பாத்துட்டு வரேன். கண்ணைத் தொறக்க மாட்டேங்கறா. இன்னும் ரெண்டு நாள் தாங்கினா பெரிசு."

கூரனின் உடம்பு முழுக்க முள் படபடத்தது. வெட்கமும் பயமும் ஒன்றாக வந்தன. பழைய ஐந்து கொட்டைகளையும் பொறுக்கி எடுத்தது. தேக்கிலையைப் பாறையடியிலேயே போட்டுவிட்டு ஈச்சம்புதருக்கு ஓடியது. பின்னாலேயே மூக்கன் ஓடியது. நல்லானும் தன்னால் முடிந்த வேகத்தில் வந்தது.

"செவந்தி, நான் செஞ்சது தப்பு" என்றது கூரன். "கொட்டை இங்க இருக்கு. மூக்கனே பொரட்டிக் காட்டட்டும்."

மூக்கன் ஒவ்வொன்றாகப் புரட்டியது. ஒரு பக்கம் வெள்ளை, ஒரு பக்கம் கருப்பு. ஐந்தும் சரி.

"அந்தக் குட்டி எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாது. உசுரோட இருக்கா இல்லையான்னும் தெரியாது. இலையில அது இல்லவே இல்ல. நீ போனாத்தான் தெரியும். போறியா?"

செவந்தியின் ஒரு கண் மெல்லத் திறந்தது. "எது விழுந்தாலும் மாத்த மாட்டியே?"

"மாத்த மாட்டேன்."

"அப்ப நான் இடப்பக்கம் போறேன். பாறையைத் தள்ளறேன்."

செவந்தி தலையைத் தூக்க முடியாமல் மூக்கால் கொட்டையை உருட்டியது. மூன்று வெள்ளை! பாறை நகர்ந்தது. அந்தப் பக்கம் குறுகலான ஒரு சந்து. செவந்தியின் வீரன் அதற்குள் தவழ்ந்தான். கூரன் ஒவ்வொரு அடியையும் அப்போதுதான் யோசித்து யோசித்துச் சொன்னது. சந்து முடிந்த இடத்தில் ஒரு குழி. அழுகைச் சத்தம் அங்கிருந்துதான் வந்தது. இப்போது அது நின்றுபோயிருந்தது.

"குட்டி உசுரோட இருக்கான்னு கொட்டைதான் சொல்லணும்" என்றது கூரன்.

செவந்தி உருட்டியது. இரண்டு வெள்ளை. இரண்டு கருப்பு. ஐந்தாவது கொட்டை ஒரு ஈச்சங்குச்சியில் சாய்ந்து நின்றது. மூச்சுக்காற்றுப் பட்டால் விழும். எந்தப் பக்கமும் விழும். கூரன் தன் மூச்சைப் பிடித்துக்கொண்டது. வெள்ளை விழும்படி லேசாக ஊதினால் போதும், குட்டி பிழைக்கும். யாருக்கும் தெரியாது. நல்லானின் கண் கூட வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

கூரன் ஊதவில்லை. கொட்டை தானாகச் சரிந்தது. கருப்பு.

"இல்ல, செவந்தி" என்றது கூரன். "நீ போய்ச் சேர்றதுக்குள்ள அது போயிடுச்சு. ஒடம்பு இன்னும் லேசா சூடா இருக்கு."



"நான் அதைத் தூக்கிக்கறேன்" என்றது செவந்தி.

"எங்க கொண்டுபோறே?"

"மேலே. வெளிச்சத்துக்கு."

"என் வீரன் இதுவரைக்கும் சேத்த புதையல் மூட்டையைக் கீழ போட்டுடறான்" என்றது மூக்கன். "முன்னாடி போய்க் கல்லு முள்ளையெல்லாம் ஒதுக்கறான்."

"என்னோட ஆளு பந்தம் பிடிக்கறான்" என்றது நல்லான். "பைய நடங்க. அவசரம் ஒண்ணுமில்ல."

கோட்டையின் படிகளில் அவர்கள் ஏறினார்கள். கூரன் ஒரு பூதத்தையும் குறுக்கே விடவில்லை. கொட்டையும் கேட்கவில்லை. "வெளிய வந்துட்டீங்க. மழை விட்டிருக்கு. ஒரு வாகை மரம் நிக்குது" என்றது.

"அதுக்கடியில குழி தோண்டறேன்."

"எவ்வளவு ஆழம்?"

"ஒரு குட்டி படுக்கற அளவுக்கு."

அப்போதுதான் செவந்திக்கு அழுகை வந்தது. கோடையிலிருந்து உள்ளேயே கிடந்த அழுகை. புதரே குலுங்கியது. "என் குட்டிக்கு ஒரு குழிகூடத் தோண்ட முடியலியே! மண்ணு போட ஒரு ஒடம்புகூட மிச்சமில்லாமப் போச்சே!" என்று கதறியது. மூவரும் அதைத் தேற்ற முயலவில்லை. கிட்டே நெருங்கி உட்கார்ந்துகொண்டு அவர்களும் அழுதார்கள். மூக்கன்தான் அதிகம் அழுதது.

அழுது ஓய்ந்ததும் செவந்தி, "குழியை மூடியாச்சு" என்றது. பிறகு முன்கால்களை ஊன்றி எழுந்தது. தள்ளாடியபடியே சுனைக்குப் போய்த் தண்ணீர் குடித்தது. கரையில் விழுந்து கிடந்த அத்திப்பழத்தில் ஒன்றைத் தின்றது. இன்னொன்றையும் தின்றது.

மறுநாள் மதியச் சாரலுக்கு எல்லோருக்கும் முன்னால் பாறையடியில் வந்து உட்கார்ந்திருந்தது செவந்தி! "வாகை மரத்துக்கு அப்பால என்ன இருக்குண்ணே?" என்று கேட்டது.

"எனக்கும் தெரியாது" என்றது கூரன். "எந்தப் பக்கம் போறீங்க, சொல்லுங்க."

அன்பே காரணமானாலும் அடுத்தவர் நடக்க வேண்டிய வழியை நாமே வரைந்து வைக்கக் கூடாது, அவர் தேர்ந்த வழியில் பொய் சொல்லாமல் கூட நடப்பதே நாம் செய்யக்கூடிய உதவி.