கொற்றி மூன்று முறை அடித்தாள்

அவசரப்பட்டு யாரையும் பொய்யன் என்று சொல்லிவிடாதீர்கள். முழுக்கக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள். எங்கள் கல்மேட்டுக் கோட்டைக்காரர்கள் அந்த அவசரத்தில்தான் கோட்டை விட்டார்கள்.

கொற்றியின் தம்பி சாத்தன் எதிரியின் சிறையில் கிடந்தான். அவனை மீட்காமல் முடி வளர்ப்பதில்லை என்று அவள் தலையை மழித்திருந்தாள். மீட்புப் படைக்குத் தலைமை கேட்டாள். கண்டனும் கேட்டான். நல்ல வீரன்தான், ஆனால் மழை விடட்டும், பிறகு போகலாம் என்றான். மழை விடுவதற்குள் சாத்தனைக் கழுவில் ஏற்றிவிடுவார்களே! இன்றே புறப்பட வேண்டும் என்று கொற்றி ஒற்றைக் காலில் நின்றாள்.

"இருவரும் மோதுங்கள். கைபலம் யாருக்கு அதிகமோ அவர் பேச்சுதான் நடக்கும்" என்றார் தளபதி.

எங்கள் மோதலுக்கு நடுவர் கிடையாது. இரும்புத் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு மரத்தால் செய்த கதாயுதத்தால் அடித்துக்கொள்வார்கள். மண்டை கலங்கினால், அடி வாங்கியவரே "பட்டது" என்று சொல்லி உட்கார்ந்துவிட வேண்டும். அதில் ஏமாற்றுவதைவிட மானக்கேடு வேறில்லை.

கண்டன் தலைப்பாகையை நாலு சுற்றுச் சுற்றி, அதன்மேல் கவசத்தை அழுத்திக்கொண்டான். கொற்றி மழித்த தலையில் அப்படியே மாட்டினாள். அடித்தாள் பாருங்கள், அம்மாடி! மூன்று முறை. மூன்று முறையும் கண்டன் "படவில்லை" என்றான். பிறகு அவன் ஒன்று போட்டான். கொற்றி தள்ளாடினாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, "பட்டது" என்று உட்கார்ந்தாள். தம்பியின் உயிர் போகும் என்று தெரிந்தும் சொன்னாள்.

"கண்டன் புளுகுகிறான்!" என்று கூட்டம் கொதித்தது.

"என் பிள்ளைமேல் ஆணை, எனக்குப் படவில்லை!" என்றான் கண்டன்.

கொற்றி எழுந்தாள். "கண்டன் அண்ணனை ஏசாதீங்க. அடியை அளந்து பாருங்க. அளக்காமல் நான் விடமாட்டேன்."

களிமண்ணில் இரண்டு தலைகள் செய்தார்கள். இருவரின் கவசத்தையும் கழற்றி அவற்றின்மேல் மாட்டினார்கள். மோதலில் அடித்ததைப் போலவே, கூட்டாமல் குறைக்காமல், இருவரும் ஒவ்வோர் அடி அடித்தார்கள். மண்ணில் ஒரு விரற்கடை, அதாவது ஒரு விரல் அகல ஆழத்துக்குப் பள்ளம் விழுந்தால் மண்டை கலங்கும் அடி என்பது கணக்கு. கொற்றியின் அடிக்கு மூன்று விரற்கடை. கண்டனின் அடிக்கு அரை விரற்கடைதான்.

தளபதி தலையைச் சொறிந்தார். இப்போது நீங்கள் சொல்லுங்கள். கண்டன் பொய் சொன்னானா? யார் பேச்சைக் கேட்பது சரி?

விடை: யாரும் பொய் சொல்லவில்லை. மண்தலைக்குத் தலைப்பாகை கட்ட எங்கள் ஆட்களுக்குத் தோன்றவில்லை. கண்டனின் நாலு சுற்றுத் துணி அடியைத் தாங்கிக்கொண்டது. ஒரு விரற்கடைக் கணக்கோ முடியுள்ள தலைக்கு; கொற்றிக்கு மழித்த தலையில் நேராக இரும்பு, அரை விரற்கடை அடிக்கே காது அடைத்துவிட்டது. கையின் பலத்தை மட்டும் காட்டியது மண்தான், ஆகவே கொற்றியின் பேச்சே நடக்க வேண்டும். இதைத் தளபதிக்கு எடுத்துச் சொன்னவனே கண்டன்தான். அன்றே கொட்டும் மழையில் கொற்றி முன்னால் நடக்க, அவன் பின்னால் போனான். ஆறாம் நாள் சாத்தனைத் தோளில் தூக்கி வந்தவனும் அவன்தான்.