தலைமாட்டுத் திரை

"நாலு கடை ஏறி எறங்கிட்டேன் அம்மணி. எதை வாங்கறதுன்னே தெரியலீங். நீயே ஒண்ணைக் கையக் காட்டிரு."

அங்கமுத்து இப்படித்தான் ஆரம்பித்தார்.

பிலோமினா கையைக் காட்டவில்லை. சுவரில் துளை போடும் மிஷினின் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

மலையடிவாரத்து ஊர் அது. மழை பெய்யாத நாளிலும் கடைவீதி கொஞ்சம் நனைந்தே கிடக்கும். பிலோமினா அங்கே ஒரு டிவி கடையில் வேலை பார்த்தாள். விற்பது அவள் வேலை இல்லை. விற்றதை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சுவரில் மாட்டுவதுதான் வேலை.

அவளுக்கு முப்பது வயது. அங்கமுத்துவுக்கு ஐம்பத்தேழு. இதில் யார் குரு, யார் சீடன் என்று கேட்காதீர்கள். குரு என்றால் தாடி இருந்தே ஆகவேண்டும் என்று எவன் சொன்னான்?

அவள் மாட்டிய டிவி எதுவும் கடைக்குத் திரும்பி வந்ததில்லை. அதனால் ஊர்க்காரர்கள் முதலில் அவளிடம் கேட்டுவிட்டுத்தான் பணத்தை எடுத்தார்கள். முதலாளிக்கு அதில் வருத்தம் உண்டு. அவளிடம் கேட்டவர்கள் பெரும்பாலும் சின்னதாகவே வாங்கிப் போனார்கள்.

கடைக்குள் முப்பது திரைகள். முப்பதிலும் ஒரே அருவி.

சத்தமே இல்லாமல் விழுந்துகொண்டிருந்தது. நீலம் என்றால் அப்படி ஒரு நீலம். அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்த அங்கமுத்து, அப்படிப்பட்ட தண்ணீரைக் கண்ணால் கண்டதில்லை. சாரல் படுகிறதோ என்று சட்டையை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார்.

சட்டை காய்ந்துதான் இருந்தது. கறிவேப்பிலை வாசம் அடித்தது. விடிகாலையில் கறிவேப்பிலை மூட்டைகளை டெம்போவில் ஏற்றிச் சந்தைக்குக் கொண்டுபோவது அவர் தொழில்.

"எவ்வளவு வெச்சிருக்கீங்ண்ணா?"

"பாஞ்சாயிரம். ஆனா நாப்பத்தி மூணு இன்ச்தான் எடுக்கோணும். மிச்சத்த மாசாமாசம் கட்டிக்கறேன்."

"எதுக்கு நாப்பத்தி மூணு?"

அங்கமுத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

அவர் சொன்னதன் சுருக்கம் இது. அவர் மனைவி வேலாத்தாள் எட்டு மாதம் முன்பு குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இடுப்பு எலும்பு போயிற்று. ஆபரேஷன் செய்தும் சரியாகக் கூடவில்லை. அன்றிலிருந்து படுக்கைதான்.

உள்ளறையில் தனியாகக் கிடக்க வேண்டாம் என்று கட்டிலை ஹாலுக்குக் கொண்டுவந்தார்கள். ஹாலில் கட்டில் போட இருந்தது ஒரே ஓர் இடம். டிவி வைத்திருந்த ஷெல்ஃபுக்கு நேர் கீழே.

டிவி அவள் தலைமாட்டுக்கு மேலே. வீட்டில் எல்லோரும் பாயில் உட்கார்ந்து பார்ப்பார்கள். அவளுக்கு மட்டும் தெரியாது. எட்டு மாதமும் அது அங்கமுத்துவை உறுத்திக்கொண்டே இருந்தது.

போன மாதம் அந்த டப்பா டிவி ஒரு பெருமூச்சு விட்டு அணைந்தது. இதற்கு இனி சாமான் கிடைக்காது என்று மெக்கானிக் கையை விரித்துவிட்டார்.

அதற்குப் பிறகு வீட்டில் சத்தமே இல்லை. மகன் பூபதி ஒரு மூலையில் போனோடு. மருமகள் கோகிலவாணி சமையலறையில் போனோடு. கல்லூரிக்குப் போகும் மகள் தேன்மொழி மொட்டைமாடியில் போனோடு. வேலாத்தாளுக்கும் ஒரு போனில் சீரியல் போட்டுக் கொடுத்தார்கள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

மூன்று இட்லி இரண்டாயிற்று. இரண்டு ஒன்றாயிற்று. முந்தாநாள் பாதி.

"எட்டு மாசத்துல ஒரு தரம்கூட அது வேணும் இது வேணும்னு கேட்டதில்லீங். வெசாழக்கெழம கேட்டா. 'ஒரு டிவி வாங்கிப் போடுங்க மாமா'ன்னு. அத மட்டுந்தான் கேட்டா."

அங்கமுத்துவுக்கு முப்பது அருவிகளும் கலங்கித் தெரிந்தன.

"இத்தன நாள் சத்தத்த மட்டும் கேட்டுட்டுக் கெடந்தா. இனி அவ கண்ணு முன்னால வெக்கோணும். கால்மாட்டுச் செவுத்துல. பெருசா. அவ நல்லாப் பாக்கோணும்."

பிலோமினா எழுந்து கடையின் பின்பக்கம் போனாள். திரும்பி வரும்போது கையில் ஒரு பெரிய அட்டை இருந்தது. டிவி வந்த பெட்டியைப் பிரித்து வெட்டியது.

"இது சரியா நாப்பத்தி மூணு. எங்க மாட்டோணுமோ அங்க ஆணியடிச்சு வைங்க. மூணு நாள் பாருங்க."

"அட்டையவா?"

"கரண்டு செலவு இல்லீங்ண்ணா."

இதற்காகத்தான் ஊரில் அவளை அட்டைக்காரி என்று கேலி செய்வார்கள். கேலி செய்தவர்கள் வீட்டிலும் மூன்று நாள் அட்டை தொங்கியிருக்கிறது என்பது வேறு விஷயம்.

அங்கமுத்து அட்டையை டெம்போவில் ஏற்றிக்கொண்டு போனார். வழியெல்லாம் பனி இறங்கியிருந்தது. பாக்குத் தோப்புகள் இருக்கின்றனவா இல்லையா என்றே தெரியவில்லை. கண்ணுக்குள் மட்டும் அருவி விழுந்துகொண்டே இருந்தது.

அன்று சாயங்காலம் கால்மாட்டுச் சுவரில் அட்டை ஏறியது.

அளவு பார்க்க வேண்டும், எல்லோரும் வந்து உட்காருங்கள் என்று அங்கமுத்து அதட்டினார். ஒரு மாதமாகச் சுருட்டி வைத்திருந்த பாயைக் கட்டிலுக்கும் அந்தச் சுவருக்கும் நடுவில் விரித்தார்கள். மூன்று பேரும் அட்டையைப் பார்த்து உட்கார்ந்தார்கள்.

தேன்மொழிக்குச் சும்மா இருக்க முடியாது. அட்டையைப் பார்த்துச் செய்தி வாசிக்க ஆரம்பித்தாள். கறிவேப்பிலை விலை கடும் சரிவு, டெம்போ ஓட்டுநர் அட்டை வாங்கினார் என்றாள். பாயில் சிரிப்பு எழுந்தது.

அங்கமுத்து கட்டில் பக்கம் திரும்பி, தெரியுதா என்று கேட்டார்.

"தெரியுதுங். பெருசா இருக்குது," என்றாள் வேலாத்தாள்.

சொல்லிவிட்டுப் பக்கத்துச் சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்துக்கொண்டாள். அன்றைக்கு அந்தப் பாதி இட்லியும் இறங்கவில்லை.

மறுநாளும் அப்படியே.

மூன்றாம் நாள் அங்கமுத்து அட்டையோடு கடைக்கு வந்தார். முகம் வாடியிருந்தது.

"இது பத்தாது அம்மணி. அம்பது இன்ச் போட்டுரலாம். டெம்போவ அடமானம் வெக்கறேன்."

விற்கிற பையன்கள் ஓடி வந்தார்கள். ஐம்பது இன்ச்சில் அருவி இன்னும் நீலம் என்றார்கள். மாதத் தவணையைச் சொன்னபோது மட்டும் குரலைத் தணித்துக்கொண்டார்கள்.

பிலோமினா அவர்களைத் தாண்டி வந்தாள்.

"அண்ணா, பாத்தீங்களா?"

"பாத்தேன். உக்காந்து பாத்தேன். நின்னு பாத்தேன். அளந்தும் பாத்தேன்."

"அக்கா எப்படிப் பாக்கறாங்க?"

அங்கமுத்து கையிலிருந்த அட்டையைப் பார்த்தார். கேள்வியே அவருக்குப் புரியவில்லை.

பிலோமினா அட்டையைத் தரையில் போட்டாள். பேனாக்கத்தியை எடுத்தாள். ஓர் ஓரத்தைச் சர்ரென்று அறுத்தாள். இன்னோர் ஓரத்தையும் அறுத்தாள். நாற்பத்து மூன்று, அவர் கண் முன்னாலேயே முப்பத்திரண்டாகிவிட்டது.

கட்டியிருக்கிற வேட்டியைக் கிழித்தாற்போல் இருந்தது அங்கமுத்துவுக்கு.

"அட, என்ன அம்மணி பண்றே?"

"படுத்துப் பாருங்க," என்றாள். மிஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு யார் வீட்டுக்கோ போய்விட்டாள்.

கடைசியில் எந்த டிவிதான் வாங்கினார் என்று சிலர் இப்போதே தவிப்பார்கள். சொல்லிவிடுகிறேன். முப்பத்திரண்டு இன்ச். பன்னிரண்டாயிரத்து எண்ணூறு. படம் சுமார்தான், சத்தம் மட்டும் கணீரென்று இருக்கும். மூன்று வருட வாரண்டி. தவணை கிடையாது. மீதியில் ஒரு பெரிய பாயும் வாங்கினார். இதற்காக மட்டும் வந்தவர்கள் எழுந்து போகலாம்.

மற்றவர்கள் இருங்கள்.

சாயங்காலம் தூறல் விழுந்தது. ஜன்னல் வழியாக வந்த வெளிச்சம் மோர் போல வெளுத்திருந்தது. அங்கமுத்து சின்ன அட்டையைக் கால்மாட்டுச் சுவரில் மாட்டினார். பாயை விரித்தார். மூவரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். இன்றைக்கு என்ன படம் என்று பூபதி முணுமுணுத்தான்.

பிறகு அங்கமுத்து ஒரு காரியம் செய்தார். வேலாத்தாளைக் கோகிலவாணியும் அவருமாகத் தாங்கி, பக்கத்தில் இருந்த சாய்வு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அவள் இடத்தில் அங்கமுத்து படுத்துக்கொண்டார்.

கோகிலவாணி மறுபடி பாய்க்குப் போய்விட்டாள். தேன்மொழி செய்தியைத் தொடங்கினாள்.

தலையணையில் எண்ணெய் வாசம். எட்டு மாதத்தில் மெத்தை வேலாத்தாளின் அளவுக்குக் குழிந்திருந்தது. அந்தக் குழிக்குள் இறங்கிப் பார்த்தார் அங்கமுத்து.

தூரத்தில் அட்டை தெரிந்தது. நன்றாகவே தெரிந்தது.

அட்டைக்கு முன்னால் மூன்று முதுகுகள்.

கோகிலவாணியின் பூச்சரம். பூபதியின் உச்சியில் புதிதாய் விழுந்திருந்த வழுக்கை. தேன்மொழியின் ஜடை. யாரோ சிரித்தார்கள். மூன்று முதுகுகளும் குலுங்கின. சிரித்தது யார் என்று தெரியவில்லை.

பேசுவது கேட்டது. முகம் தெரியவில்லை. அவரை மட்டும் கரையில் விட்டுவிட்டு மூவரும் பரிசலில் ஏறிப் போவது போல் இருந்தது.

அங்கமுத்துவுக்குப் பயம் வந்துவிட்டது. இரண்டு நாள் இதைத்தான் அவளுக்குக் காட்டியிருக்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது.

"பூபதி, அந்த அட்டையக் கழட்டு."

"எங்கீங்ப்பா வெக்கறது?"

"பழைய எடத்துல. இங்க, தலைமாட்டுல."

"அங்க வெச்சா அம்மாளுக்குத் தெரியாதுங்களே?"

"வெய்யி."

பூபதி அட்டையைக் கழற்றிக்கொண்டு வந்து, அவர் தலைக்கு மேலே பழைய ஷெல்ஃபில் சாய்த்து வைத்தான். பாய் திரும்பியது. பாயோடு மூன்று பேரும் திரும்பினார்கள்.

அங்கமுத்து மறுபடி குழிக்குள் இறங்கினார்.

இப்போது அட்டை தெரியவில்லை.

தேன்மொழி செய்தியை முடித்துவிட்டுச் சீரியலுக்குப் போயிருந்தாள். மாமியார் விஷம் வைத்த பாயசத்தைக் கொண்டுவந்தாள். கோகிலவாணி அட்டையை அண்ணாந்து பார்த்து, குடிக்காதே குடிக்காதே என்று பொய்யாக அழுதாள். ஒரு மாதமாக இந்த நாத்தனாருக்கும் மதினிக்கும் பேச்சுவார்த்தை சரியில்லை என்பது அங்கமுத்துவுக்குத் தெரியும். இப்போது ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்திருந்தாள்.

பூபதி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். சிரிக்கும்போது அவனுக்குச் சின்ன வயதில் வருவது போலவே மூக்கு சுருங்கியது. இந்த மூக்கைப் பார்த்து எத்தனை வருடம் ஆயிற்று என்று அங்கமுத்துவுக்குக் கணக்குத் தெரியவில்லை.

வெளியே தூறல் வலுத்தது. மோர் வெளிச்சம் மூன்று முகங்களிலும் விழுந்திருந்தது. யாரும் அவரைப் பார்க்கவில்லை. எல்லோரும் அவர் தலைக்கு மேலே எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கப்படுகிறோம் என்று தெரியாத முகங்கள். ஒன்று மாற்றி ஒன்றாக அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

முப்பத்திரண்டு, நாற்பத்து மூன்று, ஐம்பது எல்லாம் எங்கேயோ போய்விட்டன. முப்பது அருவிகளும் நின்றுவிட்டன.

எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தார் என்று அவருக்கே தெரியாது.

தோளில் ஏதோ பட்டது. நாற்காலியிலிருந்து வேலாத்தாள் கையை நீட்டி அவரைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"எந்திரிங்க மாமா."

"கொஞ்சம் இரு புள்ள."

"என்ற எடத்த உடுங். படம் ஓடிட்டிருக்குது."