பாறைப் பங்கு மருது

பண்ணையார் தெய்வசிகாமணிக்கு எவ்வளவு இருந்தாலும் போதாது. பாகப்பிரிவினையில் ஆற்றங்கரையை எடுத்துக்கொண்டு, தம்பி குத்தாலிங்கத்துக்குப் பாறைக்காட்டைத் தள்ளியவர், ஒரு பங்குனியில் ஊர்ப் பெரியவர்களோடு அந்தக் காட்டுக்கும் வந்துவிட்டார்.

"என் கரையிலே மருது பச்சைப்பசேல்னு நிக்குது. இங்கேயும் மருதுதான், மொட்டையா பட்டுப்போச்சு! ஒரு மரத்தைக் காப்பாத்தத் துப்பில்லாத சோம்பேறிக்குக் காடு எதுக்கு? என் பேருக்கே எழுதிடுங்க."

தம்பிக்குப் பக்கத்தில் நின்ற அவனுடைய வேலைக்காரி வெயிலாச்சி அரிவாளோடு போய், அந்த மரத்தில் புடைத்திருந்த பட்டையை ஒரு கொத்து கொத்தினாள். தண்ணீர் பீறிட்டுப் பண்ணையாரின் சலவை வேட்டியை நனைத்தது.

"சாகலைங்க ஐயா. அது நீர்மருது, இது கருமருது. ஒரே வம்சம். ஆத்துல காலை நீட்டிக்கிட்டிருக்கிற அண்ணன் மரத்துக்குக் கோடையிலும் உடுப்புக் குறையாது. பாறை கிடைச்ச தம்பி மரம் உடுப்பைக் கழட்டிப் போட்டுட்டு, இருக்கிற தண்ணியை வயித்துல கட்டிக்கிட்டு மழை வரைக்கும் உசிரைப் பிடிச்சிருக்கு. இதையா சோம்பேறிங்கிறீக?"

பெரியவர்களின் கண் தம்பியின் கிழிசல் சட்டைக்குப் போய், அண்ணன் மேல் வந்து நின்றது.

"பங்கு பிரிச்சது யாருப்பா?" என்றார் ஒருவர்.

வேட்டியைப் பிழியக் குனிந்த பண்ணையார், அது காய்ந்த பிறகும் நிமிரவில்லை.