இருளாயி சிறகை மடக்காத கதை

அந்தக் காலத்தில், கொக்கும் நாரையும் மனுசரைப் போலவே வாய்விட்டுப் பேசித் திரிந்தபோது, ஒரு கண்மாய்க்கரைக் கருவேலமரத்தில் இருளாயி என்ற நீர்க்காகம் கூடு கட்டிக் குடியிருந்தாள். அன்று காலையில் கூட்டில் இற்றுப்போன சுள்ளியை உருவிப் போட்டுவிட்டுப் புதுச்சுள்ளி செருகிக்கொண்டிருந்தாள். குஞ்சுகள் அவள் தொண்டைக்குள் தலையை விட்டுத் துழாவின. அம்மா மீனைத் தொண்டையில் வைத்துத்தான் கொண்டுவருவாள் என்பது அவற்றுக்குத் தெரியும். அப்போது தொண்டையில் ஒன்றும் இல்லை. "கொஞ்சம் பொறுங்கடா" என்று சொல்லிவிட்டு இருளாயி மீன் பிடிக்க இறங்கினாள்.

பங்குனி வெயிலில் கண்மாய் வற்றி, மடைக்குப் பக்கத்தில் ஒரு மடு மட்டும்தான் மிச்சம். மீனெல்லாம் அதற்குள் ஒண்டிக் கிடந்தன. அதனால் கரைப் பறவைகள் கூடி ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தன. பசிக்குத் தின்னலாம். குஞ்சு இருக்கிறவர்கள் ஒரே ஒரு மீன் கொண்டுபோகலாம். வயிறு பெருத்த சினைமீனை மட்டும் யாரும் தொடக்கூடாது, அடுத்த மழைக்கு அதுதான் விதை. மடுவை விட்டுப் போகிறவர்கள், கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிகிற கலுங்குக் கல்லில் ஏறி, இரண்டு சிறகையும் அகல விரித்துக் காட்ட வேண்டும். அடியில் எதையாவது இடுக்கி வைத்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு, கரைக்குப் பெரியவரான நாரை அம்பலம் "மடக்கு" என்பார். அதற்குப் பிறகுதான் சிறகை மடக்கலாம், போகலாம். வாயைத் திறந்து காட்டச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. ஒரு வாய்க்குள் எவ்வளவு கொள்ளும் என்று இருந்துவிட்டார்கள்.

கட்டுப்பாடு எல்லாருக்கும்தான். ஆனாலும் சினைமீன் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தது.

கூழைக்கடா வெள்ளைச்சாமிக்குக் கரையில் பெரிய மதிப்பு. அவர் ஒரு தடவை சிறகடித்தால் மடுத்தண்ணீர் கரை ஏறிவிடும், அவ்வளவு பெரிய உடம்பு. இறங்கும்போது ஊர்க்கதையெல்லாம் பேசிக்கொண்டு இறங்குவார். ஏறும்போது ஒரு பேச்சு இருக்காது. கல்லில் நின்று கல்யாணப் பந்தல் மாதிரி சிறகை விரிப்பார். உள்ளே ஒன்றும் இருக்காது. எதைக் கேட்டாலும் "ம்" என்பார். பெரிய மனுசர் அளந்து பேசுகிறார் என்று எல்லாரும் மெச்சிக்கொண்டார்கள். அவர் தாடைக்குக் கீழே தொங்கியதை வயசான கழுத்துச் சதை என்று நினைத்தார்கள்.

இருளாயி தொண்டையில் ஒரு கெண்டையோடு தண்ணீரை விட்டு எழுந்தபோது, கரையில் எல்லாரும் கூடி நின்றார்கள். பேச்சு அவளைப் பற்றித்தான். முதலில் வாயைத் திறந்தவன் மீன்கொத்தி காத்தான்.

"நாங்க மேல இருந்து கொத்துறோம், கரையே பாக்குது. இருளாயி மதினி முங்கிட்டா உள்ள விருந்து நடக்குதா, கறிச்சோறு நடக்குதா, யாரு கண்டா?"

கொக்குகள் சிரித்தன. அம்பலம் சிரிக்கவில்லை. அவளைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"தப்பா நினைக்காத தாயி. மழை விழுற வரைக்கும் நீ தண்ணியில இறங்க வேண்டாம்."

இருளாயி நாலு பேர் முன்னால் தலை நிமிர்ந்து பேசி அறியாதவள். மழை எப்போது விழும் என்று அம்பலத்துக்கே தெரியாது. குஞ்சுகளுக்கு மறுநாள்கூடத் தாங்காது. கருவேலமரத்தில் அவை கத்துவது அங்கேவரைக்கும் கேட்டது. அந்த நேரம் பார்த்து வெள்ளைச்சாமி மடுவிலிருந்து ஏறி வந்தார். பெரியவர் சொன்னால் கேட்பார்கள் என்று நினைத்து, கெண்டையை அலகு நுனிக்குத் தள்ளிக்கொண்டு, குழறிக் குழறி அவரிடம் கேட்டாள்.

"நீங்களாச்சும் எனக்காக ஒரு வார்த்தை சொல்லுங்க, மாமா."

"ம்" என்றார் வெள்ளைச்சாமி.

அப்போது அவர் தாடைக்குக் கீழே என்னவோ துள்ளியது. எல்லாரும் இருளாயியைப் பார்த்துக்கொண்டிருந்ததால் வேறு யாரும் கவனிக்கவில்லை. உயிர்மீன் புரண்டால் தொண்டை எப்படி அசையும் என்று, தினமும் தொண்டையில் மீன் சுமந்து குஞ்சுக்கு ஊட்டுகிறவளுக்குத் தெரியாதா? இது ஒற்றை மீன் அசைகிற அசைவு இல்லை, பல மீன் புரள்கிற அசைவு.

அவள் போய்க் கலுங்குக் கல்லில் ஏறினாள். சிறகை விரித்தாள். வாயையும் ஆவென்று திறந்து கெண்டையைக் கல்லில் போட்டாள். சினை இல்லாத, மெலிந்த கெண்டை.

"சிறகையும் பாருங்க, வாயையும் பாருங்க. நான் எடுத்தது இம்புட்டுத்தான். இப்ப மாமா வாயைத் திறக்கட்டும்."

வாயைத் திறப்பது கட்டுப்பாட்டில் இல்லை என்றார் அம்பலம். பெரிய மனுசரைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது என்றார். கடைசியில் "மடக்கு" என்றார்.

இருளாயி மடக்கவில்லை.

"மடக்கு தாயி, சொல்றேன்ல."

"அவரு வாயைத் திறக்கட்டும். நான் சிறகை மடக்குறேன்."

அவள் இறங்காமல் இன்னொருவர் கல்லில் ஏற முடியாது. கல்லில் ஏறாமல் வெள்ளைச்சாமி போக முடியாது. வெயில் ஏறியது. தண்ணீர் ஒட்டாமல் காத்த நெய் அவள் சிறகிலிருந்து உருகிக் கல்லில் வழிந்தது. சிறகு நடுங்கியது. ஆனால் தாழவில்லை.

காத்தானுக்கே பொறுக்கவில்லை. "வெள்ளைச்சாமி மாமா, 'போடி'ன்னு ஒரு வார்த்தை திட்டித்தான் விடுங்களேன். அதுக்குமா வாய் வலிக்குது?" என்றான்.

"ம்."

தாடைக்குக் கீழே மறுபடியும் துள்ளியது. வெள்ளைச்சாமி சட்டென்று அலகை நெஞ்சோடு சேர்த்து அழுத்தினார். இன்னொரு துள்ளல். இன்னும் இறுக்கி அழுத்தினார். இப்போது எல்லாருமே பார்த்துவிட்டார்கள். கொக்குகளில் ஒன்று கிளுக்கென்று சிரித்தது. அம்பலம் மடையைப் பார்த்துக்கொண்டு நின்றார். காத்தான் கிளையை விட்டு இறங்கி வந்தான். அவள் முகத்தைப் பார்க்காமல் கல்லில் கிடந்த கெண்டையைக் கவ்விக்கொண்டு போய்க் கருவேலமரத்துக் கூட்டில் போட்டான். குஞ்சுகளின் கத்தல் அடங்கியது.

வெள்ளைச்சாமி கடைசிவரை வாயைத் திறக்கவில்லை. பொழுது சாய்கிற நேரத்தில், கல்லில் ஏறாமலே, பின்பக்கமாக எழும்பிப் போய்விட்டார். தடுக்க யாருக்கும் தைரியம் இல்லை.

"அவர் போயிட்டாரு தாயி. நாளைக்கு நீ தண்ணியில இறங்கு. இனியாச்சும் மடக்கு" என்றார் அம்பலம், தணிந்த குரலில்.

"போனா என்ன? திறக்கலையே."

விரித்த சிறகை மடக்காமலே கூட்டுக்குப் பறந்தாள். மறுநாள் எல்லார் முன்னாலும் இறங்கி முங்கினாள். நெய் போன சிறகு நனைந்து கனத்தது. நனைந்த சிறகோடு நேராகக் கலுங்குக் கல்லில் ஏறி, யாரும் கேட்காமலே விரித்து நின்றாள்.

அன்று முதல்தான் நீர்க்காகம் முங்கி எழுந்ததும் கல்லிலோ கட்டையிலோ ஏறிச் சிறகை விரித்து நிற்கிறது. ஈரம் காயவைக்கிறது என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். எதிர்க்கரையில் கூழைக்கடா இன்றைக்கும் அலகை நெஞ்சோடு அழுத்திக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறது. அது திறக்கட்டும், இவள் மடக்குவாள்.