ஒரே வாசல்

“ஆறு படம் போட்டுவிட்டேன் அம்மா. ஆறையும் திருப்பித் தந்துவிட்டீர்கள். எங்கே பிழை என்று ஒரு சொல் சொல்லக்கூடாதா?”

பூவராகன் உட்காரவில்லை. சுருட்டிய வரைபடத்தால் தன் தொடையில் தட்டிக்கொண்டே நின்றான்.

ஆசிரமத்து ஆஸ்பத்திரியை ஒட்டிப் புதுக் கட்டடம் எழும்ப வேண்டும். மாலைக்குள் படம் முடிவாகாவிட்டால் வேலை பட்டணத்து இன்ஜினியருக்குப் போய்விடும். ஆசிரமத்துக்குக் கொடுக்க அவனிடம் இருந்தது இந்த ஒரு வித்தைதான்.

சுந்தரவல்லி அம்மையார் அவனுக்குக் குரு. ஆஸ்பத்திரிக்கு டாக்டரும் அவர்தான். வயதில் அவனுக்கு இளையவர்.

“இந்தப் படத்தில் உனக்கு எது பெருமை?”

“வாசல்தான். பழைய வாசலை அடைத்துவிட்டேன். இரண்டுக்கும் இனி புதுக் கட்டடத்தில் ஒரே வாசல். உள்ளே வந்ததும் அவசரப் பிரிவு. ஒரு நிமிடம் வீணாகாது.”

“நல்லது. வா, பழைய வாசலில் கொஞ்சம் உட்காரலாம்.”

“இப்போதா? பொழுது போகிறதே அம்மா.”

“அது போகட்டும். நீ உட்கார்.”

உட்கார்ந்தான். கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.

காலொடிந்து ஒன்றரை மாதம் படுத்துக் கிடந்த மயிலம்மாள், துணிப்பையைத் தூக்கிக்கொண்டு உள்ளிருந்து தானே நடந்து வந்தாள்.

“வரேன் நர்சம்மா.”

நர்ஸ் எமிலி இடுப்பில் கைவைத்தாள். “இது என்னக்கா, உங்க அம்மா வீடா, திரும்பி வர்றதுக்கு? போறேன்னு சொல்லுங்க.”

“நாக்கு பழகிப்போச்சே. வீட்ல போறேன்னு சொன்னா எங்க அத்தை அடிக்க வருவாங்க.”

“இங்க வரேன்னு சொன்னா நான் அடிக்க வருவேன்.”

மயிலம்மாள் சிரித்துவிட்டாள். “சரி தாயே, போறேன்.”

படியிறங்கினாள். திரும்பிப் பார்க்காமல் தெருவோடு போய்விட்டாள்.

அம்மையார் படத்தை வாங்கி விரித்தார்.

“உன் கட்டடத்தில் இவள் வீட்டுக்குப் போகிற வழியைக் காட்டு.”

பூவராகன் விரல் வைத்தான்.

“இது அவள் கட்டில். இப்படியே நடைபாதை. அதைத் தாண்டினால் புதுக் கட்டடத்து அவசரப் பிரிவு. அதற்குள்ளே வந்து...”

‘வந்து’ என்ற அந்தச் சொல்லோடு விரலும் நின்றது.