கருவாயன் சொன்ன சாட்சி

கம்பம் பள்ளத்தாக்கில், மலை ஏறத் தொடங்குகிற இடத்தில் ஒரு மடம் இருக்கிறது. பசித்து வருகிறவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு உண்டு. போக்கிடம் இல்லாதவர்களுக்குப் படுக்க இடமும் உண்டு. மடத்தை நடத்தும் அம்மையாரை ஊரில் எல்லோரும் மடத்தம்மா என்பார்கள்.

அவருடைய சீடர் சோலைமலை, குருவைவிடப் பத்து வயது மூத்தவர். ஜெயில் வார்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு வீட்டில் இருப்புக்கொள்ளாமல் இங்கே வந்து, "மனசு அடங்கணும்மா, ஒரு வழி சொல்லுங்க" என்று நின்றார்.

மடத்தம்மா வழி ஒன்றும் சொல்லவில்லை. வாசல் பக்கத்து அறையைக் காட்டினார். "நாய்க்குச் சோறு வைக்க ஆள் இல்ல. நீங்க வைங்க."

அப்படித்தான் கருவாயன் சோலைமலையின் பொறுப்புக்கு வந்தது. கோம்பை இனத்துக் காவல் நாய். செம்மண் நிற உடம்பு, கரி பூசிய மாதிரி முகம். வாசலில் படுத்திருந்தால் தெருமுனையில் ஒரு செருப்புச் சத்தம் மாறினாலும் காது நிமிரும். சோலைமலைக்கு அதை மிகவும் பிடித்துப்போனது. தன்னைப் போலவே வேலை தெரிந்த ஒரு ஜீவன் என்று நினைத்தார்.

மழைக்காலத்தில் மாடப்பன் வந்தான். ஏலக்காய்த் தோட்டத்தில் மரம் விழுந்து ஒரு கால் வளைந்துபோனவன். தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு, கோலை ஊன்றி, ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து வந்தான். கருவாயன் பாய்ந்து எழுந்து குரைத்த குரைப்பில் சமையற்கட்டில் இருந்தவர்கள்கூட வெளியே வந்தார்கள்.

சோலைமலை அவனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு நாயின் கழுத்தைத் தட்டி, "சபாஷ்டா" என்றார். சாப்பிட்டுக்கொண்டிருந்த இட்லியில் ஒரு துண்டு பிய்த்து, நெய்யில் தொட்டுக் கொடுத்தார்.

மடத்தம்மா மாடப்பனை இருக்கச் சொல்லிவிட்டார். தண்ணீர் இறைப்பதும் விறகு பிளப்பதும் அவன் வேலை. அவன் வாசலைக் கடக்கும்போதெல்லாம் கருவாயன் குரைத்தது. குரைத்தபோதெல்லாம் சோலைமலை ஒரு துண்டு கொடுத்தார்.

அவருக்கு அந்த ஆளைப் பிடிக்கவில்லை. நிமிர்ந்து முகம் பார்த்துப் பேச மாட்டான். சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவான். மூட்டையைத் தலைக்கு வைத்துத்தான் தூங்குவான். பொழுது சாய்ந்தால் பின்பக்கப் பாறைக்குத் தனியாகப் போவான், இடுப்பில் எதையோ செருகிக்கொண்டு. இந்த மாதிரி நடையை ஜெயிலில் எத்தனை பேரிடம் பார்த்திருப்பார்!

ஒருநாள் மாடப்பன் குளிக்கப் போயிருந்தபோது அவன் மூட்டையைப் பிரித்துப் பார்த்தார். கிழிந்த ஸ்வெட்டர், ஒரு தட்டு, ஒரு குல்லாய். வேறொன்றும் இல்லை. சோலைமலைக்குச் சந்தேகம் கூடிவிட்டது. இருக்க வேண்டியதை வேறெங்கோ அல்லவா வைத்திருக்கிறான்!

பேச்சு ஊருக்குள் போயிற்று. மடத்து நாயே சேர்த்துக்கொள்ளாத ஆள் என்றார்கள். டீக்கடையில் அவனுக்குக் கடைசியில்தான் டீ கிடைத்தது. அவன் வருவதைக் கண்டால் பிள்ளைகளை வீட்டுக்குள் கூப்பிட்டார்கள்.

ஒரு காலை சோலைமலை மடத்தம்மாவின் முன்னால் போய் நின்றார். அம்மா முறத்தில் அரிசியை வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"அவனை அனுப்பிடுங்கம்மா."

"என்ன எடுத்தான்?"

"இன்னும் ஒண்ணும் எடுக்கல. அதான் எனக்குப் பயமா இருக்கு."

"தப்பான ஆளுன்னு யார் சொன்னா?"

"கருவாயன் சொல்லுதும்மா. இங்க இருக்கிற யாரைப் பாத்தும் அது இப்படிக் குரைக்கிறதில்ல. வாயில்லா ஜீவன், அது பொய் சொல்லாது."

"சொல்லாதுதான்." மடத்தம்மா ஒரு கல்லை எடுத்து வெளியே எறிந்தார். "அது குரைச்சா நீங்க என்ன செய்வீங்க?"

"தட்டிக்கொடுப்பேன். நெய் தொட்டு ஒரு இட்லித் துண்டு கொடுப்பேன்."

"குரைக்கலேன்னா?"

"குரைக்கலேன்னா எதுக்கும்மா கொடுக்கணும்?"

மடத்தம்மா முறத்தைக் கீழே வைத்தார்.

"சரி. இனிமே அவனைப் பாத்துக் குரைச்சா கொடுக்காதீங்க. என்னைப் பாத்துக் குரைச்சா கொடுங்க."

"உங்களையா? உங்களைப் பாத்தா அது வாலைக் குழைச்சுட்டுல்ல வரும்!"

"குரைக்கும். அது கோம்பை. பழகாத உருவம் ஒண்ணு கண்ணுல பட்டா சத்தம் போடாம அதால இருக்க முடியாது. அதோட பாட்டன் பூட்டனெல்லாம் மாட்டுக் கிடைக்குக் காவல் கிடந்தவங்க. என்னமோ வருதுன்னு சொல்றது அதுக்கு ரத்தத்துலயே இருக்கு."

"இதெல்லாம் எதுக்கும்மா?"

"செஞ்சு முடிங்க. அப்பவும் நீங்க சொன்னா அவனை அனுப்பிடுறேன்."

சோலைமலை யோசனையோடு திரும்பி வந்தார். இதில் ஏதோ உள்நோக்கம் இருக்கிறது என்று பட்டது. மாடப்பன் அம்மாவிடம் ஏதும் சொல்லி மனதைக் கலைத்துவிட்டானோ? ஆனாலும் குரு சொன்னதைத் தட்ட முடியாது.

மறுநாள் காலை ஒரு முரட்டுக் கம்பளியைத் தலையோடு போர்த்துக்கொண்டு, குனிந்தபடி மடத்தம்மா வாசலுக்கு வந்தார். கருவாயன் எழுந்து குரைத்தது. குரைத்த வாய் மூடுவதற்குள் சோலைமலை துண்டை நீட்டினார். நாய் தின்றது, மோந்து பார்த்தது, ஆளைத் தெரிந்துகொண்டு அசட்டுத்தனமாக வாலை ஆட்டியது.

அதற்குப் பிறகு கம்பளி தலையிலிருந்து தோளுக்கு இறங்கியது. இன்னொரு நாள் மடித்துக் கையில் வைத்திருந்தார். ஒவ்வொரு தடவையும் கருவாயன் அவரைப் பார்த்தது, சோலைமலையின் கையைப் பார்த்தது, குரைத்தது, தின்றது. கடைசியில் கம்பளியே வேண்டியிருக்கவில்லை. மடத்தம்மா வெறுமனே வெளியே வந்தாலே போதும் என்றாயிற்று.

வேலை படிந்துவிட்டதில் சோலைமலைக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

வெள்ளிக்கிழமைதோறும் விபூதி வாங்க வரும் ஊர்க் கூட்டம் வந்தது. மடத்தம்மா விபூதித் தட்டோடு வெளியே வந்தார். கருவாயன் எழுந்து நின்று, கழுத்து மயிர் சிலிர்க்க, அவரைப் பார்த்துக் குரைத்தது.

முன்னால் நின்றவர்கள் ஓரடி பின்வாங்கினார்கள்.

வாழைத்தார் கொண்டுவந்திருந்த ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் குனிந்தார். "என்னய்யா இது, சோறு போடுற அம்மாவையே பாத்துக் குரைக்குது?"

"வாயில்லா ஜீவனுக்குத் தெரியாதா?" என்றார் மற்றவர்.

விபூதிக்கு நெற்றியை நீட்டிய குழந்தையை அதன் தாய் மெல்லப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

சோலைமலை அன்றே டீக்கடைக்குப் போய் நடந்ததைச் சொன்னார். தான்தான் இட்லி கொடுத்துப் பழக்கியதாகச் சத்தியம் செய்யாத குறையாக விளக்கினார். கடைக்காரர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். டீயை ஆற்றிக்கொண்டே, "நீங்க சொல்றது சரிதான் சார்" என்றார். "இருந்தாலும், ஒண்ணுமில்லாம ஒரு நாய் குரைக்குமா?"

அடுத்த வெள்ளிக்கிழமை பாதிக் கூட்டம்தான். அரிசி கொண்டுவரும் வண்டிக்காரர் மூட்டையை வாசலுக்கு வெளியிலேயே இறக்கிவிட்டுப் போனார். மடத்தம்மா அதை எடுக்க வந்தார். கருவாயன் குரைத்தது. சோலைமலைக்குக் கோபம் தலைக்கேறியது. மூலையில் கிடந்த கம்பை எடுத்து ஓங்கினார்.

"அடிக்காதீங்க."

"மானம் போகுதும்மா!"

"சம்பளம் கொடுத்தீங்க, வேலை செய்யுது. அதை ஏன் அடிக்கிறீங்க?"

கம்பு தானாகக் கீழே இறங்கியது. நாய் பயப்படவும் இல்லை. அவருடைய வெறுங்கையை நக்கிப் பார்த்துவிட்டு, ஏமாந்து போய் உட்கார்ந்தது.

நாலைந்து நாட்கள் கழித்து ஒரு சாயங்காலம். சோலைமலை வாசலில் உட்கார்ந்திருந்தார். மழை விட்டு மலை கறுத்திருந்தது. கருவாயன் சட்டென்று எழுந்து பின்பக்கம் பார்த்துக் குரைத்தது.

மடத்தம்மா பாறையை ஒட்டிய ஓடைப் பக்கமிருந்து தனியாக வந்துகொண்டிருந்தார். சேலைத் தலைப்பில் எதையோ முடிந்து, ஒரு கையால் அழுத்திப் பிடித்திருந்தார். நாய் விடாமல் குரைத்தது.

சோலைமலையின் கண் அந்த முடிச்சில் போய் நின்றது. இந்த நேரத்தில் ஓடையில் என்ன வேலை? ஏன் பின்வழியாக வருகிறார்? மாடப்பனும் அந்தப் பக்கம்தானே போகிறான்? கொஞ்ச நாளாகவே இவர் போக்கு ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது. அவனை அனுப்பச் சொன்னால் ஏன் இத்தனை சாக்கு?

எழுந்து வழியை மறித்து நின்றார்.

"தலைப்புல என்ன?"

குரல் வெளியே வந்த பிறகுதான் அவருக்கே கேட்டது. அம்மா என்ற சொல் அதில் இல்லை. ஜெயில் கேட்டில் நின்றுகொண்டு அவர் அந்தக் காலத்தில் கேட்ட குரல் அது.

மடத்தம்மா முடிச்சை அவிழ்த்துக் காட்டினார். பச்சைச் சுண்டைக்காய்.

கருவாயன் ஓடிவந்து சோலைமலையின் கையை முட்டியது.

"நாய்க்குச் சொல்லிக்கொடுத்தது யாரு?" என்று கேட்டார் மடத்தம்மா.

"நான்தாம்மா."

"அது உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா கேட்டீங்க?"

மடத்தம்மா முடிச்சை மறுபடி போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

மறுநாள் விடிந்ததும் வெளியே வந்த சோலைமலை, மாடப்பன் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்புவதைப் பார்த்தார்.

"எங்க போற?"

"போறேன் சார். என்னால நாய்க்கும் நிம்மதி இல்ல, உங்களுக்கும் நிம்மதி இல்ல. இப்ப அம்மா பேரும் கெட்டுப்போச்சு."

போக்கிடம் எங்கே என்று அவன் சொல்லவில்லை. இல்லை என்பது அவன் நின்ற நிலையிலேயே தெரிந்தது. இத்தனை நாள் கேட்க நினைத்த கேள்விகள் எல்லாம் சோலைமலையின் வாய்வரை வந்தன. இடுப்பில் என்ன? பாறையில் என்ன வேலை? அவற்றை விழுங்கிக்கொண்டார்.

"நாய்க்கு உன்மேல ஒண்ணும் இல்ல. நான் பழக்கினது," என்றார். "நீ போயிட்டா அதை மாத்த முடியாது. இரு."

மாடப்பன் முதல்முறையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தான். நம்புவதா வேண்டாமா என்று அவன் யோசித்தது அப்பட்டமாகத் தெரிந்தது. பிறகு மூட்டையை இறக்கினான்.

மடத்தம்மா ஒரு கிண்ணத்தில் இட்லித் துண்டுகளைப் போட்டுக்கொண்டு வந்து மாடப்பன் கையில் கொடுத்தார்.

"அதோட கண்ணை உத்துப் பாக்காதே. நேரா எதிர்ல வராதே, பக்கவாட்டுல நில்லு. குரைச்சா குரைக்கட்டும், திட்ட வேண்டாம். மூச்சு வாங்க ஒரு நிமிஷம் வாயை மூடும் பாரு, அப்பத் தூக்கிப் போடு."

மாடப்பன் வேலியோரம் போய் நின்றான். கருவாயன் குரைத்தது. சோலைமலையின் கையைப் பார்த்தது. கை காலி. மறுபடி குரைத்தது. கொஞ்சம் நிறுத்தியது.

துண்டு வந்து மண்ணில் விழுந்தது.

நாய் அதைத் தின்றுவிட்டு, எங்கிருந்து வந்தது என்று புரியாமல் பார்த்தது. இன்னொரு முறை குரைத்தது, நிறுத்தியது, தின்றது. வெயில் ஏற ஏற, குரைப்புக்கு நடுவே இருந்த மௌனம் நீண்டுகொண்டு வந்தது. மாடப்பன் ஒவ்வொரு அடியாகக் கிட்டே வந்தான். கடைசியில் கருவாயன் முன்னங்கால்களை நீட்டிப் படுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் அவன் கோலை மோந்து பார்த்தது.

மாடப்பன் சிரித்தான். அவனுக்குச் சிரிக்கத் தெரியும் என்பதையே சோலைமலை அன்றுதான் பார்த்தார்.

அவன் கிண்ணத்தைக் கழுவ உள்ளே போனான். அவன் போகிற வழியில், சமையற்கட்டு, அலமாரி, அதன் பூட்டு என்று சோலைமலையின் பார்வை தானாகக் கூடவே போயிற்று. நாய் அசையாமல் படுத்திருந்தது.

அவர் பார்வையைத் திருப்பியபோது மடத்தம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சோலைமலை குனிந்து நாயின் கழுத்தைத் தடவினார்.

"முழுசா விட்டுப்போக இன்னும் எத்தனை நாள் ஆகும்மா?"

"நாய்க்கா கேக்குறீங்க?" என்றார் மடத்தம்மா.