கரடி துப்பிய மெழுகு

அந்தக் காலத்தில், கரடிக்கும் தேனீக்கும் மனிதருக்கும் ஒரே பேச்சு இருந்தபோது, செம்பாறை மலையைக் கரடி ஒன்று ஆண்டுவந்தது. அப்போது தேனீக்கள் எல்லாமே மரக்கிளையில், திறந்த வெளியில்தான் அடை கட்டும். தேனை யாரும் மறைத்து வைக்கக் கூடாது என்பது கரடியின் கட்டளை. பசித்தால் வரும். அடையைப் பிய்க்கும். தேனோடு சேர்த்து உள்ளே இருக்கும் முட்டையையும் புழுவையும் மென்றுவிட்டு, சக்கையான மெழுகைத் துப்பிவிட்டுப் போகும்.

பெரிய தேனீக்கள் பொறுத்துக்கொண்டன. "கரடின்னா தின்னத்தான் செய்யும்" என்று சொல்லி மறுபடி கட்டின. அவற்றைவிடச் சிறியவை அடுக்குத் தேனீக்கள். அந்தக் கூட்டத்தின் ராணிக்கு மட்டும் பொறுக்கவில்லை. ஒரு பங்குனியில், இறக்கை முளைக்கும் தறுவாயில் இருந்த தன் பிள்ளைகளைக் கரடி மென்று விழுங்கியதை அவள் கண்ணால் பார்த்தாள். "இனி இதுக்கு ஒரு துளிகூடக் கொடுக்க மாட்டேன்" என்று கூட்டத்தோடு கிளம்பிவிட்டாள்.

மலையடிவாரத்தில் பொம்மி என்றொரு தச்சுக்காரி இருந்தாள். உலக்கை, கலப்பை, கதவு எல்லாம் செய்வாள். அவள் கணவன் சென்னன் காட்டில் விழுந்த மரங்களை இழுத்துவந்து போடுவான். ராணி நேராக அவர்கள் பட்டறைக்குப் பறந்துபோய் உளியின் பிடிமேல் உட்கார்ந்தாள்.

"அக்கா, கரடி கை நுழையாத வீடு ஒண்ணு செஞ்சு தருவியா?"

"கரடிக்குத் தெரிஞ்சா?"

"தெரியட்டும்."

அந்தப் பதில் பொம்மிக்குப் பிடித்துவிட்டது. சென்னன்தான் பதறினான். "நமக்கு எதுக்கு இந்த வம்பு? நாளைக்கு மரத்துக்கு நான் அந்தக் காட்டுக்குள்ளதான் போகணும்."

"நம்ம பலாவுல ஒரு காய் விடாம அது பிடுங்கினப்பவும் இதையேதான் சொன்னீங்க. இன்னும் எதைப் பிடுங்கினா உங்களுக்குக் கோபம் வரும்?"

சென்னன் வெளியே போய்விட்டான்.

பொம்மி ஒரு வேங்கைக் கட்டையை எடுத்துக் குடைந்தாள். உள்ளே அடை தொங்குவதற்குக் குறுக்குச் சட்டங்கள் பொருத்தினாள். மேலே இறுக்கமான மூடி. கீழே ஒரு தேனீ போய் ஒரு தேனீ வரும் அளவுக்கு வாசல். வேலை முடிந்ததும் கூட்டம் ஆவலோடு உள்ளே போனது. போன வேகத்தில் திரும்பி வந்தது.

"பச்சை மர வாடை தாங்கலை அக்கா" என்றாள் ராணி. "இது எங்க வீடுன்னு யாருக்கும் தோணலை."

பொம்மி யோசித்தாள். பிறகு கூடையை எடுத்துக்கொண்டு மலையேறினாள். கரடி துப்பிப்போட்ட மெழுகுச் சக்கைகளை மரம் மரமாகத் தேடிப் பொறுக்கினாள். வீட்டில் அவற்றை வெந்நீரில் உருக்கித் துணியில் வடிகட்டினாள். மஞ்சளாகத் திரண்ட மெழுகைப் பெட்டியின் உட்புறம் முழுக்கத் தேய்த்தாள்.

ராணி வந்து மோந்து பார்த்தாள்.

"இது நாங்க கட்டினது. கரடி துப்பினது."

"ஆமா. துப்பினதுதான். உன் வீட்டை அது குப்பைன்னு நினைச்சிருக்கு. அந்தக் குப்பையை வெச்சே மறுபடி குடியேறு."

கூட்டம் மொத்தமும் உள்ளே போனது. இந்த முறை யாரும் திரும்பி வரவில்லை.

மிஞ்சிய மெழுகில் பொம்மி பருத்தித் திரியை முக்கி முக்கி எடுத்தாள். விரல் பருமனுக்கு மெழுகுவத்திகள் வந்தன. பட்டறைச் சுவரில் வரிசையாகத் தொங்கவிட்டாள்.

பூக்காலம் முடிந்து தேன் நிறைந்தபோது கரடிக்கு வாசனை எட்டியது. ஒரு சாயங்காலம் இறங்கி வந்து பட்டறையை அடைத்துக்கொண்டு நின்றது.

"திற."

"மாட்டேன்" என்றாள் பொம்மி.

"இது என் காட்டு மரம்."

"காடு நீ நட்டதா?"

"என் மலைத் தேன்!"

பெட்டிக்குள்ளிருந்து ராணியின் குரல் வந்தது. "பறந்து பறந்து சேர்த்தது நாங்க. உன் வாய்க்குன்னு யாரும் சேர்க்கலை."

கரடி பெட்டியின் வாசலில் விரலை விட்டது. நகம்தான் நுழைந்தது. மூக்கை வைத்து முட்டியது. காத்திருந்த காவல் தேனீக்கள் கொத்தாக வந்து கொட்டின. வலியில் அது பெட்டியைத் தலைக்குமேல் தூக்கி, கல்லில் அடிக்கப்போனது.

அப்போது சென்னன் பின்பக்கமாக உள்ளே வந்தான். அவன் கையில் ஒரு மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. நேராக நடந்துபோய்ச் சுடரைக் கரடியின் வயிற்று மயிரில் வைத்தான். பொசுங்கும் நாற்றம் எழுந்தது. கரடி அலறிக்கொண்டு பிடியை விட்டது. பெட்டி மரத்தூள் குவியலில் விழுந்தது, உடையவில்லை.

"காட்டுப் பக்கம் வருவீங்கல்ல, பாத்துக்கறேன்!" என்று கத்திக்கொண்டே கரடி ஓடியது.

"வருவோம்" என்றான் சென்னன். "வத்தியோடதான் வருவோம்."

கொட்டிய தேனீக்கள் பட்டறைத் தரையெங்கும் செத்துக் கிடந்தன. பொம்மி அவற்றை ஒரு பூவரச இலையில் கூட்டி எடுத்தாள். ராணி வெளியே வந்து பார்த்தாள், அழவில்லை.

"மேலடுக்குத் தேனை நீங்க எடுத்துக்கோங்க அக்கா. புழு இருக்கிற அடையைத் தொடாதீங்க. தொட்டா உங்களையும் கொட்டுவோம்."

"கொட்டு" என்றாள் பொம்மி.

இந்தச் செய்தி கேட்டுப் பெரிய தேனீக்களும் கிளையை விட்டுக் கிளம்பி, கரடியால் ஏற முடியாத பாறை உச்சிக்குப் போய்விட்டன. கரடிக்கு வயிறு காய்ந்தது. அதுவே ஒரு கட்டையைக் குடைந்து பாதையோரம் வைத்து, "வாங்க, இதுவும் நல்ல வீடுதான்" என்று அடுக்குத் தேனீக்களைக் கூப்பிட்டது. ராணியின் மகள்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். மெழுகு வாசனை இல்லை. கரடியின் முகத்துக்கு நேராகவே பறந்து போய்விட்டார்கள்.

அன்று முதல்தான் அடுக்குத் தேனீ வெளியில் அடையைத் தொங்கவிடாமல் இருட்டுக்குள் கட்டுகிறது. தேனீ வளர்ப்பவர்களும் புதுப்பெட்டி செய்தால், முதலில் அதன் உட்புறம் பழைய அடையின் மெழுகைத் தேய்த்துவிட்டுத்தான் தேனீக்களை அதில் குடியேற அழைக்கிறார்கள்.